‘ஒண்ணுமில்லை டாக்டர்’ என்கிறார் அப்பா

வாசகியின் கடிதம், சுருக்கமாக: அப்பாவுக்கு 67 வயது. நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் விலா, முதுகெலும்பு, வலது இடுப்பு எலும்பு வரை பரவியிருக்கிறது. கீமோவை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. வலிக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 10 மி.கி. மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். ‘பழகிப்போயிடும், கடைசியில எதுவும் கேட்காது’ என்ற பயத்தில், அவர் முனகும்போது மட்டும் அம்மா கொடுக்கிறார். டாக்டர் கேட்டால் அப்பா ‘ஒண்ணுமில்லை’ என்கிறார். வீட்டில் ராத்திரி புரண்டு படுக்கவே யோசிக்கிறார். ஒரு வாரம் மலம் போகாமல் இருந்து, இப்போது 4 நாளாக நீர்நீராகக் கசிகிறது. அதனால் மலமிளக்கியை நிறுத்திவிட்டார்கள். ஓயாமல் தண்ணீர் கேட்கிறார், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போகிறார்; சர்க்கரை இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. பொழுது சாய்ந்தால் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். எல்லாம் மார்ஃபின் செய்கிற வேலை, நிறுத்திவிடலாம் என்பது அண்ணனின் கருத்து. ‘வலிக்குதா வலிக்குதான்னு கேட்டே அவரை ஒடச்சிடாதே’ என்றும் அவர் சொல்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: ‘பத்து நாளா முதுகுவலி கூடியிருக்கு, படுத்தா அதிகமாகுது. ரெண்டு நாளா கால் கனக்குதுங்கிறார். படுத்தே கிடக்கறதால இருக்கும்.’

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்

அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் கடிதத்திலேயே மிக அவசரமானது. இந்தப் பகுதி வெளியாகும்வரை காத்திருக்காமல் அதை மட்டும் அன்றே உங்களுக்குத் தெரிவித்துவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரித்துச் சொல்கிறேன்.

முதுகெலும்பில் புற்று பரவியவருக்கு முதுகுவலி புதிதாகக் கூடி, படுத்தால், இருமினால், முக்கினால் இன்னும் அதிகமாகி, அதோடு கால் கனமும் சேர்ந்தால், தண்டுவடம் நசுங்குகிறது என்றே எண்ணிச் செயல்பட வேண்டும். இல்லை என்று பிறகு தெரிந்தால் நல்லதுதான். சாதாரண இடுப்புப்பிடிப்பு படுத்தால் தணியும். இது படுத்தால் கூடும். சிலர் மார்பையோ வயிற்றையோ சுற்றிப் பட்டை போட்டு இறுக்குகிற மாதிரி என்பார்கள். படியேறும்போது முழங்கால் மடங்கும். காலில் இருந்த செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி நடந்திருப்பார்கள். சிறுநீர் வராமல் தங்குவதும் மலம் தெரியாமல் கசிவதும் இதன் பிந்தைய கட்டம்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், முடிந்தவரை முதுகு வளையாமல் படுத்த நிலையில். அங்கே சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: ‘முதுகெலும்பில் பரவியிருக்கிறது, படுத்தால் கூடுகிற வலி, இரண்டு நாளாகக் கால் கனம்.’ முழு முதுகெலும்புக்கும் 24 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை வைத்துத் திரும்பி வந்துவிடாதீர்கள்; எக்ஸ்ரே இதை விலக்கிக் காட்டாது. சந்தேகம் வலுவாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமலே ஸ்டீராய்டு கொடுத்துவிடுவார்கள். பிறகு கதிர்வீச்சு, சிலருக்கு அறுவை சிகிச்சை. இத்தனை அவசரத்துக்குக் காரணம் ஒன்றுதான். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் முழுக்க விழுந்த பிறகு வந்தவர்களுக்கு நடை திரும்புவது அபூர்வம்.

‘இவ்வளவு முற்றிய நோயில் எதற்கு இந்த அலைச்சல்’ என்று கேட்கலாம். நாட்கணக்கில்தான் உயிர் இருக்கிறது, படுக்கையை விட்டு எழுந்தே பல வாரம் ஆகிறது என்ற நிலையில் இருப்பவருக்கு, ஸ்கேனை விட்டுவிட்டு வலியை மட்டும் அடக்குவது சரியான முடிவாக இருக்கலாம். எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் ‘இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று மறுக்க அப்பாவுக்கும் உரிமை உண்டு. ஆனால் உங்கள் அப்பா இன்னும் தானே எழுந்து கழிவறைக்குப் போகிறார். அந்த நடையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. முடிவை அவரிடமே கேளுங்கள், மனம் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில்.

அந்த ‘வயிற்றுப்போக்கு’

ஒரு வாரம் அடைத்துக்கொண்டு இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீராகக் கசிந்தால் அதை வயிற்றுப்போக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மலக்குடலில் கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றி, மேலே இருந்து வரும் திரவம் வழிந்து வருகிறது. வயிறு உப்பலாக இருக்கும், போன பிறகும் போகாத உணர்வு இருக்கும், ஒவ்வொரு முறையும் வருவது கொஞ்சம்தான், துணியில் கறை படியும். இந்த நேரத்தில் மலமிளக்கியை நிறுத்தினாலோ, போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்தாலோ அடைப்பு இன்னும் இறுகும்.

அப்பாவின் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தண்டுவடம் நசுங்கினாலும் மலம் கசியும். இரண்டையும் பிரித்தறிய உதவுவது மிக எளிய பரிசோதனை: மருத்துவர் கையுறை அணிந்த விரலை ஆசனவாயில் நுழைத்துப் பார்ப்பது. உள்ளே இறுகிய மலம் தட்டுப்படுகிறதா, ஆசனவாய்த் தசை விரலைப் பிடிக்கிறதா அல்லது தளர்ந்து கிடக்கிறதா என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். கூச்சத்தால் நோயாளியும், நேரமின்மையால் மருத்துவரும் தவிர்த்துவிடுகிற பரிசோதனை இது. ‘கை வைத்துப் பார்த்துவிடுங்கள்’ என்று நீங்களே கேளுங்கள், தவறில்லை. அப்படியே தொப்புளுக்குக் கீழே அழுத்திப் பார்த்துச் சிறுநீர்ப்பை நிரம்பி நிற்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறவருக்கு உள்ளே நிறையத் தங்கியிருக்கக்கூடும்.

வீட்டிலேயே எனிமா கொடுத்துப் பார்க்க வேண்டாம். முறுக்கி முறுக்கி வயிறு வலித்து, வாந்தியும் வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது குடலைத் தூண்டும் மலமிளக்கி கொடுப்பதும் ஆபத்து. அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு, மார்ஃபின் சாப்பிடும் காலம் முழுக்க மலமிளக்கி தினமும் வேண்டும். மார்ஃபினால் வரும் குமட்டல் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும், தூக்கக் கலக்கம் சில நாளில் குறையும். மலச்சிக்கல் மட்டும் நாளாக ஆகத் தானே சரியாகிற வகை இல்லை.

எல்லாம் மார்ஃபினா?

அண்ணனின் சந்தேகத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. மார்ஃபினும் குழப்பத்தை உண்டாக்கும். ஆனால் தாகம், அதிகமாகச் சிறுநீர், மலச்சிக்கல், பசியின்மை, குழப்பம் ஆகிய ஐந்தையும் ஒரே ஆளிடம் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கிறதா என்பதுதான். நுரையீரல் புற்றுநோயிலும், எலும்புக்குப் பரவிய புற்றுநோயிலும் இது நன்றாகத் தெரிந்த சிக்கல். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஆனால் கால்சியத்தோடு ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெலிந்தவர்களுக்கு ஆல்புமின் குறைந்திருப்பதால், ஏறிய கால்சியமும் சாதாரண அளவு போலத் தாளில் தெரியும். நரம்பு வழியாகத் திரவமும், எலும்பிலிருந்து கால்சியம் கரைவதைத் தடுக்கும் ஊசியும் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் இறங்கத் தொடங்கும். ‘நோய் முற்றிவிட்டது, மூளைக்கு ஏறிவிட்டது’ என்று குடும்பமே முடிவுகட்டிய ஒருவர் தெளிவாகப் பேச ஆரம்பிப்பதும் உண்டு.

சாயங்காலக் குழப்பத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்: சிறுநீர் தேங்குவது, மலம் அடைப்பது, கிருமித்தொற்று, சோடியம் குறைவு, தூக்க மாத்திரை, மூளைக்குப் பரவல். ஒரு மணி நேரம் தெளிவு, அடுத்த மணி நேரம் குழப்பம் என்று ஏறி இறங்குவது இதன் அடையாளம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கிக் கிழமைகளைச் சொல்லச் சொல்லுங்கள். காலையில் தடையில்லாமல் சொன்னவர் மாலையில் வெள்ளிக்கிழமையோடு நின்றுபோனால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கத்திக் கலாட்டா செய்கிற குழப்பம் எல்லார் கண்ணிலும் படும். பேசாமல் சுருண்டு படுத்திருக்கிற குழப்பத்தைத்தான் ‘அசதி’ என்று விட்டுவிடுகிறோம்.

மார்ஃபின் அதிகமாகிவிட்டது என்பதற்கு அடையாளம் வேறு. எழுப்பினால் எழ மாட்டார். மூச்சு நிமிடத்துக்கு 8-க்கும் கீழே போகும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுப்பதும் ஒரு எச்சரிக்கை, குறிப்பாகச் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு. இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். கண்ணயர்ந்திருந்து, கூப்பிட்டதும் விழித்து ஒழுங்காகப் பதில் சொல்கிறவரைப் பார்த்து இந்தப் பயம் வேண்டாம். எதுவானாலும் மருந்தை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். தினமும் எடுத்துப் பழகிய உடம்பில் அது வியர்வை, நடுக்கம், வயிற்றுப்பிடிப்பு, போக்கு என்று புதிதாக ஒரு பட்டியலைக் கொண்டுவரும்.

அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். முனகும்வரை காத்திருந்து கொடுத்தால், ஒவ்வொரு முறையும் உச்சத்துக்குப் போன வலியைக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் அடுத்த முனகல் வந்துவிடுகிறது. நேரப்படி கொடுத்தால் வலி தலையெடுக்காமல் இருக்கும், பல நேரம் மொத்த அளவும் குறைவாகவே போதும். கடைசிக்கென்று சேமித்து வைக்கவும் இதில் ஒன்றுமில்லை. தேவை கூடினால் அளவைக் கூட்ட இடம் உண்டு.

‘வலி’ என்ற சொல்லை விட்டுவிட்டுக் கேளுங்கள்

அப்பா ‘ஒண்ணுமில்லை’ என்பதற்கு ஒரு காரணம் இருக்கும். வலி கூடியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் நோய் கூடியிருக்கிறது என்று ஒப்புக்கொள்வதாகும் என நினைக்கலாம். ஊசி, அட்மிஷன் என்று இழுத்துவிடுவார்களோ என்றும், மகளுக்குச் சுமையாகிறோமோ என்றும் இருக்கலாம். டாக்டர் மனம் நோகக்கூடாது என்று சொல்லாமல் விடுகிறவர்களையும் பார்க்கிறோம்! கேட்பதால் வலி கூடாது. மனசு ஒடிவது, கேட்க ஆளில்லாமல் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கிடக்கும்போதுதான்.

பலருக்கு ‘வலி’ என்றால் தாங்க முடியாதது மட்டும்தான் வலி. அதற்குக் கீழே உள்ளதற்கெல்லாம் வேறு சொல் வைத்திருப்பார்கள். அந்தச் சொற்களில்தான் மருத்துவருக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. ‘கடுக்குது’, ‘குடையுது’ என்று ஓரிடத்தைக் காட்டி, அசைந்தால் கூடுகிறது என்றால் பெரும்பாலும் எலும்பு. அதற்கு மார்ஃபினோடு கதிர்வீச்சும் கைகொடுக்கும், பல நேரம் ஒரே ஒரு தடவை கொடுத்தாலே போதும். ‘எரியுது’, ‘சுரீர்னு கரண்ட் அடிக்குது’, ‘மதமதன்னு இருக்கு’ என்றால் நரம்பு. மார்ஃபின் மட்டும் போதாமல் காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் தேவைப்படலாம். ‘முறுக்கிப் பிசையுது, விட்டு விட்டு வருது’ என்றால் குடல் அல்லது சிறுநீர்க்குழாய். வலது விலாவுக்கு அடியில் ‘பாரம் வைச்ச மாதிரி’ என்றால் கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடுகிறதோ என்று பார்க்க வேண்டும். அதனால் அவர் சொல்லும் சொல்லை நீங்கள் ‘வலி’ என்று திருத்தி எழுதாதீர்கள். ‘குடையுது’ என்றால் ‘குடையுது’ என்றே எழுதுங்கள்.

‘டி.வி. பார்க்கிறார், பி.பி. சரியாக இருக்கிறது, அப்புறம் என்ன வலி’ என்ற வாதமும் செல்லாது. மாதக்கணக்கில் நீடிக்கிற வலியில் பெரும்பாலும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுவதில்லை, முகமும் சுளிப்பதில்லை. அவர் செய்யாமல் விட்டதைப் பாருங்கள்: புரண்டு படுப்பதை, குனிந்து செருப்பு மாட்டுவதை, ஆழ மூச்சு இழுப்பதை. குழம்பியிருக்கும் நேரத்தில் முகச்சுளிப்பு, முனகல், ஓரிடத்தைக் கையால் மூடிக்கொள்வது, சமாதானப்படுத்தினால் அடங்குகிறதா என்பவைதான் சாட்சி. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கூட இருக்கும் குடும்பத்தினர் வலியைக் கொஞ்சம் கூட்டியும், மருத்துவப் பணியாளர்கள் குறைத்தும் மதிப்பிடுவது வழக்கம். தெளிவாக இருக்கும்போது அவர் சொல்வதே கணக்கு.

எண்ணும் நோட்டும்

வலி எவ்வளவு என்று ஓர் எண்ணாகக் கேளுங்கள்: 0 என்றால் துளியும் இல்லை, 10 என்றால் இதற்குமேல் கற்பனை செய்ய முடியாது. எண் சொல்ல வராதவரிடம் ‘கொஞ்சம், நடுத்தரம், ரொம்ப’ என்று கேட்டாலும் போதும். நேற்றைய 7 இன்று 5 ஆகியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. இதையும் கேளுங்கள்: ‘எத்தனைக்கு வந்தால் உங்களால் தூங்க முடியும்?’ அவர் 3 என்றால் அதுதான் நம் இலக்கு.

1991-இல் கனடாவின் எட்மண்டனில் எட்வர்டோ ப்ரூவேராவும் சகாக்களும் உருவாக்கிய படிவம் இப்படித்தான் கேட்கிறது. இப்போது புழக்கத்தில் உள்ள வடிவத்தில் வலி, அசதி, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சிரைப்பு, மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் எப்படி இருக்கிறது என ஒன்பதும், நோயாளியே சேர்த்துக்கொள்ள ஒரு காலியிடமும் இருக்கும். பொதுவாக ‘எப்படி இருக்கீங்க’ என்றால் ஒன்றோ இரண்டோதான் வாயில் வரும். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் மற்றவை வெளியே வரும். தினமும் ஒரே நேரத்தில் ஒரு தடவை போதும். மணிக்கு மணி கேட்டால் அண்ணன் சொல்வது உண்மையாகிவிடும்.

வலிக்கு மட்டும் தனியாகக் குறிப்பு வையுங்கள். இப்படி:

‘ராத்திரி 2.10. வலது இடுப்பு. குடையுது. 8. புரண்டதும் வந்தது. 2.15-க்கு மாத்திரை. 3.15-க்கு 4. தூங்கினார்.’

இந்த ஒரு வரி மருத்துவருக்குப் பல விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. அசைவில் வருகிற எலும்பு வலி, மருந்து கேட்கிறது, ஆனால் அளவு இன்னும் போதவில்லை. அடுத்த வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே தினமும் வலி திரும்பினால் வழக்கமான அளவைக் கூட்டுவார். அசைந்தால் மட்டும் வந்தால், குளிப்பாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு கூடுதல் மாத்திரை ஒன்று கொடுக்கச் சொல்லலாம். திடீர் வலிக்கான கூடுதல் வேளை, பொதுவாக ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒன்று முதல் பத்தில் ஒரு பங்கு. அப்பாவுக்கு எழுதியபடி நாளுக்கு 60 மி.கி. என்றால் 6 முதல் 10 மி.கி. வரை. ஆனால் அவர் முழு அளவை எடுக்கவே இல்லை என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். ‘60 மி.கி.க்கும் அடங்கவில்லை’ என்று நினைத்து அவர் அளவை ஏற்றிவிட்டு, அன்றிலிருந்து அம்மாவும் ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கினால் அதுதான் உண்மையான ஆபத்து.

சாப்பாடு இறங்காததற்கு வாயையும் பாருங்கள். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்து நாக்கின் மேலும் கன்னத்தின் உட்புறமும் பாருங்கள். தயிர் ஒட்டிய மாதிரி வெள்ளைத் திட்டு இருந்தால் அது பூஞ்சை, எளிதில் குணமாகும். மூச்சிரைப்பு தொடங்கினால், ஒரு மூச்சில் எத்தனை சொல் பேச முடிகிறது, மல்லாந்து படுக்க முடிகிறதா என்று எழுதுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி 96 காட்டினாலும் இரைப்பு பொய்யாகிவிடாது. முகத்தில் படும்படி சின்ன மின்விசிறியைக் காட்டுவது பலருக்கு ஆறுதல் தரும்.

புற்றுநோய் மருத்துவரிடம், வலியையும் மற்ற தொல்லைகளையும் தணிக்கும் பாலியேட்டிவ் கேர் பிரிவுக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கைவிட்டுவிட்டார்கள் என்பதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கதிர்வீச்சு நடக்கும்போதே அவர்களும் கூடப் பார்க்கலாம்.

மருத்துவர் முன்னால் அப்பா மறுபடி ‘ஒண்ணுமில்லை’ என்றால், குறுக்கே புகுந்து மறுக்காதீர்கள், அவருக்கு அவமானமாகிவிடும். நோட்டை அவர் கையிலேயே கொடுத்து, ‘ராத்திரி எழுதினோமே, அந்தப் பக்கத்தை மட்டும் நீங்களே காட்டிடுங்கப்பா’ என்று சொல்லுங்கள்.